ஆகஸ்ட் பதினைந்தும் ஆறு கடக்கும் மந்தையும்

"கென்யா, ஆகஸ்ட் இரண்டாம் வாரம். மச்சான் சம்மதம்." சென்ற ஜனவரி மாத நாட்காட்டித் தாளில் நான் எழுதி வைத்த குறிப்பு இது.

மச்சான், என் மனைவியின் அண்ணன். பாரிஸ்வாசி, ஆகஸ்ட் விடுமுறைக்குக் காரைக்கால் வருவார். வில்டபீஸ்ட் என்னும் ஆப்பிரிக்கக் காட்டுமாட்டு மந்தைகள் முதலைகள் நிறைந்த ஆற்றைக் கடப்பதை, முழங்கால் வலி முற்றுவதற்குள் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது மனைவியின் ஆசை. அண்ணனும் கூட வந்தால் தைரியமாக இருக்கும் என்றாள். அதனால் அவருடைய விடுமுறையைப் பார்த்தே தேதி குறித்தேன்.

மே மாதம் அவர் போன் செய்தார்.

"மாப்ள, பதினஞ்சாம் தேதி நம்ம மாதா தேரு. நான் தோள் குடுக்காம எப்படி?"

"ஜனவரியில தெரியாதா மச்சான்? வருசா வருசம் அதே தேதிதான?"

"மறந்துட்டேன்."

"சரி, தேர் முடிஞ்சு போவோம்."

"அது முடிஞ்சதும் வேளாங்கண்ணி நடைபயணத்துக்குக் காவி கட்டிருவேன். விரதத்தோட சிங்கம் பாக்கப் போறதா? அக்டோபர்ல வச்சுக்குங்க."

"அதுவரைக்கும் ஆத்தங்கரையில நிக்கச் சொல்லி மாடுகளுக்குத் தகவல் அனுப்பிரட்டுமா?"

மனைவி போனைப் பிடுங்கினாள். "அண்ணே, நீங்க தேரத் தூக்குங்க. என் முழங்காலு அக்டோபர் வரைக்கும் காத்திருக்காது. நாங்க ரெண்டு பேரும் போறோம்."

அன்றே இரண்டு டிக்கெட் எடுத்தேன். மறுவாரம் மச்சானிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது: இந்த வருடம் மழை முந்திவிட்டதால் மந்தைகள் ஜூலையிலேயே கடந்துவிடுமாம். யார் சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறேன். எங்கள் பயணத்துக்கு ஏற்பாடு செய்யும் நைரோபி ஏஜெண்டிடமும் விசாரித்திருக்கிறேன். ஆகவே இச்செய்தி, இதை எழுதும் வரை, உறுதி செய்யப்படாதது.