‘ரைட்’ சொல்லும் வேலை

போன செவ்வாய்க்கிழமை, என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வெள்ளைக்கார ஆபீஸரிடம் நானாகப் போய்ப் பேசினேன்.

பேசினேன் என்பதே பெரிய வார்த்தை. மொத்தம் நாலு சொல். அதில் இரண்டு மலாய்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மலாக்கா பக்கம் செலண்டார் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கும் இடத்தில், பெண்களைச் சோதிப்பது. அரிசி தடுப்பைத் தாண்டக் கூடாது. சோறும் கூடாது, கஞ்சியும் கூடாது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். பஸ்ஸில் வரும் பெண்கள் ஒவ்வொருத்தராகக் கித்தான் மறைப்புக்குள் வருவார்கள். பார்த்து முடித்ததும் வெளியிலிருந்து ஆபீஸர் “ரைட்?” என்பார். உள்ளேயிருந்து நான் “ரைட்” என்பேன். அவ்வளவுதான். முகம் காட்ட வேண்டாம். என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா?

அந்தச் சொல்லை நினைத்தாலே எனக்கு மலைப்பு. கண்டக்டர் சொன்னால் பஸ் நகர்கிறது. வாத்தியார் நோட்டில் போட்டால் பிள்ளை துள்ளுகிறது. டிரைவருக்கு அது ஒரு பக்கம். யூனியன்காரர் “இது நம்ம ரைட்டு” என்றால் கூட்டமே நிமிர்ந்து உட்காருகிறது. நாம் இத்தனைக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம்... வெள்ளைக்காரன் ஒன்றை வைத்தே குடும்பம் நடத்துகிறான்!

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் அஞ்சலை வந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுகிறவள். மறைப்புக்குள் வந்தாள். அவள் வயிற்றில் பட்ட என் கை — சுட்டது. சேலைக்கு அடியில் ஒரு தூக்குச்சட்டி.

“கஞ்சிதாங்க்கா... மலாக்கா ஆஸ்பத்திரியில அவரு கெடக்குறாரு. டைபாய்டு. காய்ச்சல் எறங்கிடுச்சு, ஆனா நாலு நாளா வாயில ஒண்ணும் வைக்க மாட்டேங்குறாரு. இப்படியே போனா ஒடம்பு தாங்காதுன்னு வைத்தியம் பாக்குற டிரெஸ்ஸர் சொல்லிட்டாரு. நான் காய்ச்சுனா குடிப்பாருக்கா.”

“ரைட்?” — வெளியிலிருந்து ஆபீஸர்.

சொல்லிவிட்டால் அவள் போய்விடலாம். அடுத்த தடுப்பில் பிடிபட்டால் இரண்டு பேரும் உள்ளே. சொல்லாவிட்டால் அவள் லாக்கப்பில், அவள் புருஷன் பட்டினியில். தினம் எத்தனையோ தடவை சொல்கிற சொல்... அன்றைக்கு வாயைவிட்டு வரவில்லை.

“ரைட்?” குரல் ஏறியது.

தூக்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். பின்னால் அஞ்சலை, “அக்கா, இப்படிப் பண்ணிட்டீங்களே!” என்று அழுகிறாள்.

“சார்... லாக்கி சாக்கிட். ஹாஸ்பிட்டல்.”

புருஷனுக்கு நோவு என்பதை மலாயில் அதற்கு மேல் சொல்ல எனக்கு வராது.

ஆபீஸர் சின்ன வயசுக்காரர். மூடியைத் திறந்து பார்த்தார். அஞ்சலையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “ரை...ட்” என்று இழுத்தார். இது நான் அதுவரை கேட்காத ரைட். சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை. ஒரு மனிதன் யோசிக்கிற சத்தம்!

அப்புறம், வெட்டினாற்போல் ஒரு “ரைட்!”

போலீஸ்காரர் யூசோப்பைக் கூப்பிட்டுத் தூக்கை அவர் கையில் கொடுத்தார். கஞ்சியை நீயே கொண்டு போ. அந்த ஆள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இரு. காலிச் சட்டியை என்னிடம் கொண்டுவந்து காட்டு — இதுதான் ஆபீஸர் போட்ட உத்தரவு.

சட்டமும் உடையவில்லை, கஞ்சியும் போகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இப்படி ஒரு வழி இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

தோளில் துப்பாக்கி, மடியில் தூக்கு. யூசோப் முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்தார். கண்டக்டர் சும்மா இருப்பாரா? மலாயில் ‘அண்ணே’ போட்டுச் சீண்டினார்.

“அபாங், கஞ்சிக்கும் ஒரு டிக்கெட் போடவா?”

அழுதுகொண்டிருந்த அஞ்சலையே சிரித்துவிட்டாள்.

சாயங்கால பஸ்ஸில் இருவரும் திரும்பினார்கள். யூசோப் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆபீஸரிடம் காட்டினார். அஞ்சலை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு பருக்கை மிச்சம் வைக்கலக்கா! நாலு நாளா நான் கெஞ்சுனேன், டிரெஸ்ஸர் கெஞ்சுனாரு. அசையல. துப்பாக்கியோட ஒருத்தர் கட்டில் பக்கத்துல நின்னதும் மடமடன்னு குடிச்சிட்டு, இன்னும் இருக்கான்னு கேக்குறாரு! நாளைக்கும் இவரையே அனுப்பச் சொல்லுங்கக்கா...”

புதன்கிழமையும் யூசோப்தான் போனார்.