ரொட்டி அடுப்பில் வெந்த எஞ்சின்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அந்தப் பெண்ணைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் வைத்த 'ஹாரன் அக்கா' என்ற பட்டம் பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது; ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்குவாள்.

அவளிடம் நாற்பத்தேழு வருஷத்துப் பழைய டிராக்டர் ஒன்று இருந்தது. "என் வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது, தள்ளிக்கிட்டாவது போங்க" என்று பழைய இரும்புக் கடைக்காரர் தள்ளிவிட்டது. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். உழுவதற்கு அவளுக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. கணவரின் பேக்கரிக்குப் பின்னால் கொட்டகையில் அது நின்றது. வேனை நிறுத்திவிட்டு வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் போதும், அவள் முகமே மாறிவிடும்.

போன வருஷம் ஓர் ஆசையில், பழைய டிராக்டர்களுக்கான இழுவைப் போட்டிக்குப் போனாள். நூறு மீட்டர் மண் பாதை. டிராக்டருக்குப் பின்னால் ஓர் எடைவண்டியை மாட்டுவார்கள். இழுக்க இழுக்க அதன் மேலிருக்கும் இரும்புப் பாளம் முன்னால் நகர்ந்து வந்து வண்டியை மண்ணோடு அழுத்தும். சுமை கூடிக்கொண்டே போகும். ஹாரன் அக்காவின் டிராக்டர் முப்பத்தொன்றாவது மீட்டரில் இரண்டு தும்மல் போட்டு நின்றுவிட்டது.

"அக்கா, நீங்களும் இறங்கி ஒரு கை குடுத்தா முப்பத்திரண்டு ஆயிடும்!" என்றார் மைக் பிடித்தவர்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்: "என்னங்க, நான் எஞ்சினைப் பிரிக்கப்போறேன்."

"பிரிச்சு?"

"பெரிய பிஸ்டன் மாட்டப்போறேன்."

பெரிய பிஸ்டன் மூன்று கிடைத்துவிட்டது. ஆனால் அது ஓடும் இரும்புக் குழாயை, லைனரை, அதே அளவுக்குக் குடைய வேண்டும். மயிரிழை பிசகினாலும் எஞ்சின் குப்பைக்குத்தான். அப்படிக் குடையத் தெரிந்தவர் அந்த ஊரில் ஒரே ஆள்: இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறை வைத்திருக்கும் அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. அங்கேதான் சிக்கல். இரண்டு பேருக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டு இரும்புக் கேட்டுக்கு நாத்தனார் கடைந்து கொடுத்த கீலைப் பார்த்து, "அண்ணி, இதுவும் உங்களை மாதிரியே கீச்சுகீச்சுன்னு கத்துது" என்று இவள் வாய் தவறிச் சொல்லியிருந்தாள்.

லைனர்களையும் பிஸ்டன்களையும் மாவுச் சாக்கில் சுற்றிக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள். நாத்தனார் லேத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, உன் பொண்டாட்டி மூட்டையில என்ன கொண்டாந்திருக்கான்னு கேளு."

"லைனர்னு சொல்லுங்க."

"அது தெரியுது. எவ்வளவு குடையணுமாம்?"

"மூணு மில்லின்னு சொல்லுங்க."

"சுவர் மெலிஞ்சுபோகுமேன்னு கேளு."

"பரவாயில்ல, தாங்கும்னு சொல்லுங்க."

ரொட்டிக்காரரான அவள் கணவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சலித்துப்போனார். "ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான் நிக்கிறீங்க! நான் போய் மாவு பிசையணும்" என்று கிளம்பிவிட்டார்.

நாத்தனார் ஒரு பிஸ்டனைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். "மூணும் ஒரே எடையா இருந்தாத்தான் எஞ்சின் ஆடாம ஓடும்" என்று லேத்திடம் சொன்னாள்.

"எங்க பேக்கரித் தராசு கிராம் காட்டும்" என்று ஹாரன் அக்கா சுவரிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வியாபாரம் முடிந்த பேக்கரியில், பன் வைக்கும் மேஜைமேல் மூன்று பிஸ்டன்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கொன்று ஆறு கிராம் வித்தியாசம். நாத்தனார் உட்புறமாக அரத்தால் ராவ, ரொட்டிக்காரர் மூக்குக் கண்ணாடியோடு குனிந்து, "இன்னும் ரெண்டு கிராம்... ஒண்ணு... போதும் போதும்!" என்று மாவு நிறுப்பதுபோலவே நிறுத்தார்.

பிஸ்டனோடு, காற்று போய்வரும் வால்வுகளையும் பெரிதாக்கினார்கள்; அவற்றுக்காக எஞ்சினின் மூடியான சிலிண்டர் ஹெட்டில் பெரிய இரும்பு வளையங்களைப் பதிக்க வேண்டும். ஹெட் சூட்டில் விரிய வேண்டும், வளையம் குளிரில் சுருங்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இறங்கி இறுகும். ரொட்டிக்காரர் ஃப்ரீசரைத் திறந்து, "வெண்ணெய் பக்கத்துல இது யாரோட மோதிரம்?" என்று அலறினார்.

நாத்தனார் ஹெட்டைச் சோப்புத் தண்ணீரில் நாலு தடவை கழுவித் துடைத்தாள். அதே வேகத்தில் திரும்பி, "ஏம்மா, அடுப்புல எவ்வளவு சூடு வைக்கலாம்னு உன் புருஷன்கிட்ட கேளு" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஹாரன் அக்கா மேஜையில் நெற்றியை வைத்துவிட்டாள், தோள் குலுங்கியது. நாத்தனார் முறைத்துப் பார்த்தாள். முறைப்பு தாக்குப்பிடிக்கவில்லை. அவளும் சிரித்துவிட்டாள், கீச்சென்று.

"நூத்தெழுபது வைக்கிறேன்" என்றார் ரொட்டிக்காரர், ஒன்றும் நடக்காததுபோல. "மேலே பொன்னிறமா வரணுமா?"

வெந்த ஹெட்டைக் கையுறையோடு வெளியே எடுத்தார்கள். ஒரு வினாடி தாமதித்தாலும் வளையம் பாதியில் மாட்டிக்கொள்ளும். "போடு!" என்றாள் நாத்தனார். டக். அடுத்தது, டக். ஒவ்வொரு டக்குக்கும் மூன்று பேரும் கைதட்டினார்கள். மறுநாள் காலை ஒரு வாடிக்கையாளர், ரொட்டியில் ஏதோ புது வாசனை வருகிறதே என்றார். அதற்கு மறுநாள் வந்து அதே ரொட்டிதான் வேண்டும் என்று கேட்டார்.

டீசல் பம்பின் திருகைத் திருப்பிக் கூடுதல் டீசல் பாய வைத்து, எஞ்சினை முடுக்கிய அன்று எழுந்த கரும்புகை பேக்கரியின் வெள்ளைச் சுவருக்குக் கரி பூசிவிட்டுப் போனது. நாத்தனாரின் நரைத்த தலையும் கறுத்துப்போயிற்று.

"அண்ணி, பத்து வயசு குறைஞ்சுபோச்சு உங்களுக்கு!"

"வாயை மூடிக்கிட்டு ஆக்சிலேட்டரை மிதி!"

போட்டி நாள் வந்தது. இழுக்கும்போது டிராக்டரின் மூக்கு தூக்காமல் இருக்க, பழைய மாவு பிசையும் மெஷினின் இரும்பு அண்டாவில் கான்கிரீட் நிரப்பி முன்னால் தொங்கவிட்டிருந்தார்கள். கொடி இறங்கியதும் டிராக்டர் உறுமிக்கொண்டு பாய்ந்தது. முப்பத்தொன்று எப்போது தாண்டியது என்றே அவளுக்குத் தெரியாது. ஐம்பது. எழுபது. அவ்வளவு கனத்தையும் மீறி முன்சக்கரங்கள் ஒரு சாண் எழும்பின. ஸ்டியரிங் சும்மா சுற்றியது. பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருந்த பிரேக்குகளை இடது, வலது என்று மாற்றி மாற்றி மிதித்தே திசை பிடித்தாள். பாதையோரத் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே ஸ்பேனரை ஆட்டிக்கொண்டு, செருப்பு ஒரு பக்கம் பறக்க, நாத்தனார் கூடவே ஓடி வந்தாள். "விடாதே! மிதி! இன்னும் மிதி!"

தொண்ணூற்று மூன்று மீட்டரில் கிளட்ச் கருகி வண்டி நின்றது. நான்காவது இடம். நான்காவது இடத்துக்குக் கோப்பை கிடையாது. ஆனால் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்த குதியையும், ரொட்டிக்காரர் தொப்பியை வானத்தில் எறிந்ததையும் பார்த்து முதல் பரிசு வாங்கியவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மைக் பிடித்தவரிடம் போய், "ஐயா, ஜெயிச்சது நான்தானே?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை ஹாரன் அக்கா வேன் ஓட்டினாள். பிள்ளைகள் ஏறி உட்காரும் முன்னே கதை சொல்ல ஆரம்பித்து, முன்சக்கரம் எழும்பிய இடத்துக்கு வந்தபோது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டப் போனாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அந்தக் குதூகலத்தில், பிள்ளைகளை ஏற்ற வேண்டிய மூன்று வீடுகளைத் தாண்டிப் போய்விட்டார்கள். விட்டுப்போன மூன்று பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடி வந்தன.