காலும் காளும்

வெள்ளிக்கிழமை காலை ஜோலார்பேட்டையில் ரயில் ஏறும்போது மாமியார் எனக்குச் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "கையோட கூட்டிக்கிட்டு வந்துடு." கூட்டிவர வேண்டியவள் என் கணவரின் தங்கை கவிதா. எட்டு மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்தில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். அவளோ, "ரத்தம் கம்மியா இருக்காம், அலையக்கூடாதாம்" என்று வளைகாப்பையே தள்ளிப்போட்டுவிட்டாள். பெங்களூர்க்காரி ஆகிவிட்ட திமிர் என்று நான் உள்ளுக்குள் பொருமிக்கொண்டுதான் போனேன்.

ஒன்பது மணிக்குக் கன்டோன்மென்ட் ஸ்டேஷன். நீலசந்திராவுக்கு ஆட்டோக்காரர் நூற்றெண்பது கேட்டார், நூற்றைம்பதுக்கு வந்தார். அல்சூர் ஏரிக்கரை மரங்களின் குளிர்ச்சியில் என் கோபமே கொஞ்சம் இறங்கிவிட்டது.

"அங்க பூரா நம்ம ஆளுங்கதாம்மா" என்றார் அவர்.

"கன்னடம் தெரியாம கஷ்டம் இல்லையா?"

"என்ன கஷ்டம்? பாதி அவங்க புரிஞ்சுக்குவாங்க, பாதி நாம புரிஞ்சுக்குவோம்."

அந்தப் பாதிப் பாதியில் என்ன நடக்கும் என்பதை மத்தியானம்தான் பார்த்தேன்.

கவிதாவின் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசற்படி ஏறி நிற்க வேண்டும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக வீடுகள், எல்லா வாசலிலும் நீல டிரம். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். நான் போனது தண்ணீர் வரும் நாள். கவிதா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, யார் யாரோ பெண்கள் அவள் டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். எழுந்து ஒரு குடத்தைத் தொட்டாள். "ஏய், வை கீழ" என்று நாலு பக்கத்திலிருந்தும் அதட்டல் வந்தது.

கவிதாவின் முகம் வெளுத்துக் கிடந்தது. அவள் வீட்டுக்காரனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடிகளில் பெயின்ட் வேலை, வாரம் பூரா அங்கேயே தங்கல். இவள் போன மாதம் வரைக்கும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். காலையில் டீயும் பன்னும், மத்தியானம் மிச்சம் மீதி. ரத்தம் எங்கிருந்து ஊறும்?

"டாக்டர் சொன்னதத்தான் அண்ணி தினமும் சாப்பிடறேன்" என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, எதிர்வீட்டு நசீமா ஆவி பறக்க ஒரு கிண்ணத்தோடு வந்தார். ஆட்டுக்கால் பாயா.

"கால் நிறைய சாப்பிடச் சொல்லிட்டாங்க டாக்டரு. விடியக்காலமே அடுப்புல ஏத்திடுவேன்" என்றார் பெருமையாக.

நானும் நம்பினேன். டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றால் நாம் யார்?

பதினோரு மணிக்கு அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு நசீமாவும் சேர்த்து மூவரும் பஸ் ஏறினோம். உள்ளூர் ஆதார் காட்டிய பெண்களுக்கு இலவசம். அவர்கள் இரண்டு பேரும் ஜம்மென்று உட்கார, நான் ஒருத்தி மட்டும் டிக்கெட் எடுத்தேன். கவிதாவுக்குப் பயங்கரச் சிரிப்பு.

டாக்டர் சின்னப் பெண், கன்னடக்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ரத்தம் ஏறவே இல்லையே. காளு ஜாஸ்தி தின்னி அந்த ஹேளித்னல்லா? நிறையத் தின்னச் சொன்னேனே?"

"தினமும் கால்தான் மேடம் சாப்பிடறேன். இவங்கதான் பாயா வெச்சுத் தர்றாங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "பாயாவா?"

கன்னடத்தில் காளு என்றால் பயறு, கடலை வகை. எங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்துக் காதில் ளவும் லவும் ஒன்றுதான். பயறு தின்னச் சொன்னதை இவள் ஆட்டுக்காலாகக் கேட்டு, அன்றிலிருந்து தினமும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, "என்ன சாப்டீங்கன்னு நானும் ஒரு தடவ கேக்கல" என்றார். நசீமாவுக்குத்தான் முகம் வாடிவிட்டது.

"நான் குடுத்ததெல்லாம் வேஸ்டா மேடம்?"

"வேஸ்ட் இல்லம்மா. அது தெம்புக்கு இருக்கட்டும். இது ரத்தத்துக்கு."

இரும்புச்சத்து ஊசி போட ஏற்பாடு செய்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனால் உடனே ஏற்ற வேண்டியிருக்கும், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் இருப்பு இருக்குமா என்று கேட்டார். மாமியார் வீட்டுப் பக்கம் ரத்தம் வேறு ஊரிலிருந்து வண்டியில்தான் வர வேண்டும். அதுவரை உயிர் காத்திருக்குமா?

"இங்கயே வெச்சுக்கறது சேஃப். ஆனா வீட்ல பாத்துக்க ஆள் பேக்கு, ஆள் வேணும். இருக்காங்களா?"

கவிதா என்னைப் பார்த்தாள். மாமனார் படுக்கையில் இருப்பதால் மாமியார் நகர முடியாது. எனக்குத் தையல் கடை. மிஞ்சிப் போனால் பத்து நாள் வந்து இருப்பேன். நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நசீமா சொன்னார்: "இருக்கோம் மேடம்."

அன்று சாயங்காலம் நசீமா வீடு வீடாக ஏறி இறங்கினார். என்ன பேசினாரோ தெரியாது. சனிக்கிழமை காலை சந்தின் முதல் வீட்டிலிருந்து கொண்டைக்கடலை வந்தது. மாடி வீட்டுக் கன்னடத்து அம்மா தேங்காய் போட்டுப் பயறு உஸ்லி, நம்ம சுண்டல்தான், கொண்டுவந்தார். நாளைக்குக் கொள்ளு யார், மறுநாள் தட்டைப்பயறு யார் என்று தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் ஒரே சண்டை. கவிதா போதும் என்றால், "நான் பாக்கச் சாப்பிடு" என்று நசீமா எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. எங்கள் ஊரில் காம்பவுண்டு சுவர் வைத்த வீடு என்னுடையது. நான் டைபாய்டில் படுத்தபோது பக்கத்து வீட்டுக்குத் தெரியவே ஒரு வாரம் ஆனது. இங்கே இருப்பது ஒண்டுக் குடித்தனம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், பாதி புரிந்த பாஷை. ஆனால் அவள் எத்தனை கவளம் தின்றாள் என்பது சந்துக்கே தெரியும்.

மத்தியானம் கன்டோன்மென்ட் பிளாட்பாரத்தில் நிற்கும்போது மாமியார் போன் செய்தார்.

"ரெண்டு பேரும் ஏறிட்டீங்களா?"

"நான் மட்டும்தான் அத்த." காரணத்தை ஒன்று விடாமல் சொன்னேன். கால் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எம்பொண்ணுக்கு அங்க யாருடி இருக்கா?" குரல் உடைந்திருந்தது.

நசீமாவைப் பற்றிச் சொன்னேன். டிரம் நிரப்பியவர்கள், உஸ்லி கொண்டுவந்த அம்மா, எல்லாரையும் சொன்னேன். ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அந்த நசீமா நம்பர் இருக்கா உங்கிட்ட?"

"இருக்கு. எதுக்கு அத்த?"

"பிரசவ லேகியம் எப்படிக் கிளறணும்னு அவளுக்குச் சொல்லணும். ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திச் சொல்றேன்."