வலப் பக்கம் நின்று சொன்னது

பிக்கப்பை வாங்க வந்தவரிடம் சாவியைக் கொடுத்த பிறகு, "ஒருக்காப் பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் பொனட்டைத் திறந்தேன். எஞ்சினின் பின்பக்கம் ஓடும் சின்னக் குழாயொன்றில் இரண்டு நட்டுகளைக் கழற்றி, நடுவில் செருகியிருந்த தகட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய இரும்புத் துண்டு. இரண்டு பக்கமும் துளை, நடுவெல்லாம் கரி, ஒரு ஓரத்தில் மட்டும் நகத்தளவுக்குப் பச்சைப் பெயின்ட். "என்ன காக்கா, தங்கத் தகடா?" என்று அவர் சிரித்தார். எங்கள் முஸ்லிம் ஊர்களில் அண்ணனைக் காக்கா என்போம். "இது இல்லாட்டி வண்டி புகைக்கும். வேறொண்டு வெட்டிப் போட்டுக்கொள்ளுங்க" என்றேன். குறையை மறைத்து விற்கவில்லை, அந்த விஷயத்தில் நான் நேர்மையான ஆள். தகடு இப்போது மேசையில், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நேர்மையைப் பற்றி எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இதை வெட்டியவர் பாஸ். இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில் மேசன், தச்சன், மெக்கானிக் எல்லாருமே பாஸ்தான். ஆனால் வெறுமனே பாஸ் என்றால் எனக்கு ஒரே ஆள். பாண்டிருப்புத் தமிழர், என்னை விடப் பத்து வயது மூத்தவர். கல்முனையில் கடற்கரைக்குப் போகும் தெருவொன்றில், பச்சை இரும்புக் கதவு போட்ட கராஜ் வைத்திருந்தார். நான் பாலமுனையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, அம்பாறைக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய் விற்கிறவன். வண்டி நின்றால் என் பிழைப்பு நின்றது. அதனால் பாஸின் முகத்தை என் சொந்தக்காரர் முகத்தை விட அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாஸ் எஞ்சினைக் கையால் தொடுவதற்கு முன் காதால் தொடுவார். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியை வலக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறந்தால் போதும், "கதையாதீங்க, எஞ்சின் கதைக்குது" என்பார். மறுகா கண்ணைத் திறந்து, மூன்றாவது நொசில் என்றோ, பெல்ட் ஓடும் கப்பி என்றோ சொல்வார். நான் அறிய அது பிழைத்ததில்லை. மீன் வாடை அடிக்கும் என் வண்டிக்குள் தலையை விட்டபடி, "இது உங்கள விட உண்மையாக் கதைக்குது தம்பி" என்று பகிடி பண்ணுவார். நானும் சிரிப்பேன்.

சுனாமியில் பிக்கப் எங்கள் வீட்டு வளவிலேயே முழுகியது. தண்ணீர் வற்றியபோது தென்னையில் சாய்ந்து கிடந்தது, சீற்று வரைக்கும் கறுப்புச் சேறு. வீட்டில் உயிர்கள் மிஞ்சியதே பெரிய காரியம், அல்ஹம்துலில்லாஹ். வண்டியை யார் பார்த்தார்? ஒரு கிழமை போயிருக்கும், பாஸ் யாருடையதோ சைக்கிளில் வந்து இறங்கினார். அவருடைய கராஜ் இருந்த இடத்தில் மணல்தான் இருக்கிறதென்று கேள்விப்பட்டிருந்தேன். பள்ளிக்கூடத்து முகாமில் மனைவியோடு தங்கியிருந்தார். என் இரண்டு தோளையும் பிடித்து, "எல்லாரும் இரிக்கிறீங்களா?" என்றார். அடுத்த கேள்வி, "சாவி போட்டுப் பார்த்தீங்களா?" இல்லையென்றேன். "நல்லதாப் போச்சு. கடல் குடிச்ச எஞ்சினச் சுத்தியிருந்தா உடைஞ்சிரிக்கும். இனி நான் பார்த்துக்கொள்றன்."

இரண்டு கிழமைக்கு மேல் எங்கள் வளவில் வேலை செய்தார். அவருடைய வேலை ஆயுதம் எதுவும் மிஞ்சவில்லை, இரவல் வாங்கிய ஸ்பானர்கள்தான். எஞ்சினை அக்கக்காகப் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, டீசலில் ஊறவைத்து, துருப்பிடிக்குமுன் பூட்டினார். மத்தியானம் எங்களோடு சோறு தின்றார். ஒரு நாள் முகாமிலிருந்து வரும்போது சைக்கிளின் பின்னால் ஒரு இரும்புத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். கராஜின் பச்சைக் கதவில் மிஞ்சியது, சேற்றுக்குள் கிடந்ததாம். "என்னத்துக்குப் பாஸ் இது?" என்றதற்கு, "என்னத்துக்கும் உதவும்" என்றார். வண்டி திரும்ப உயிர் பெற்றபோது நான் அழுதுவிட்டேன். அவர் திருப்புளியைக் காதில் வைத்துக்கொண்டு, அழுகையையும் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஆனால் உப்பு முழுதாகப் போகவில்லை. புகையின் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புகிற வால்வு ஒன்று அந்த வண்டியில் உண்டு. காற்று மாசுபடாமலிருக்க ஜப்பான்காரன் வைத்தது. அது உப்பிலும் கரியிலும் இறுகி, திறந்தபடியே நின்றுவிட்டது. எஞ்சின் தன் புகையைத் தானே தின்னத் தொடங்கியது. இழுவை இல்லை, பின்னால் கரும்புகை. பாஸ் நாலைந்து தடவை கழற்றிக் கழுவிப் பார்த்தார், ஒரு மாதத்தில் திரும்ப இறுகும். புது வால்வு கொழும்பில் கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தக் கதவுத் துண்டில் ஒரு தகடு வெட்டிக் குழாயை அடைத்துவிட்டார். புகை நின்றது, இழுவை வந்தது. தகட்டின் ஒரு ஓரம் மட்டும் வெளியே துருத்திக்கொண்டு பச்சையாகத் தெரிந்தது. "அரத்தால ராவி விடுறன், பத்து நிமிஷம்" என்றார். "ஐஸ் கரையுது பாஸ், அது கெடக்கட்டும்" என்று நான்தான் வண்டியை எடுத்தேன்.

பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கும். கிழக்கில் சண்டை முற்றி, ரோட்டெல்லாம் சோதனைச் சாவடிகள். அம்பாறை ரோட்டில் ஒரு காலை என் பிக்கப்பை நிறுத்தினார்கள். யார், எந்தச் சீருடை என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. நான் எழுதுவது என் குற்றத்தை. மீன் பெட்டிகளை இறக்கிப் பார்த்தார்கள், பொனட்டைத் திறக்கச் சொன்னார்கள். அதில் ஒருவனுக்கு வாகனம் தெரியும் போலிருக்கிறது. பச்சை ஓரத்தைக் கண்டுவிட்டான். இந்த வண்டிகளில் இப்படி ஒரு தகடு இருக்காதே, குழாயை ஏன் அடைத்திருக்கிறது, உள்ளே என்ன? கழற்றச் சொன்னார்கள். உள்ளே கரிதான். ஆனாலும் விடவில்லை. இதை யார் செய்தது என்று கேட்டார்கள்.

நான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். பழைய வண்டி வைத்திருக்கிற எவனும் சொல்லக்கூடிய பொய்தான். அல்லது உண்மையையே கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கலாம்; எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நான் பாஸின் பேரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன். அதோடு நின்றேனா? ஒருவரும் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்: "மம முஸ்லிம். பாஸ் தெமள." நான் முஸ்லிம், பாஸ் தமிழர். பேரைக் கேட்டாலே விளங்கிவிடும் விஷயம். ஆனாலும் அவரை என்னிடமிருந்து தள்ளி நிறுத்த அந்த நேரம் எனக்கு ஒரு சொல் தேவைப்பட்டது, நாக்கில் ஆயத்தமாகத்தான் இருந்தது. நடுங்கியது உண்மை. ஆனால் நடுக்கத்தில் வாய் தவறியது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அவர்கள் தகட்டை வைத்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்கள். வழி முழுக்கக் கண்ணாடியில் என் கரும்புகையே எனக்குத் தெரிந்தது.

அன்று பின்னேரமே பாஸைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் நாள் அவருடைய மனைவி பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏன் கொண்டு போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. "தம்பி, நீங்க சிங்களம் நல்லாக் கதைப்பீங்கதானே. என்னோட வந்து ஒருக்காக் கேளுங்க. உங்கட வண்டியெல்லாம் செய்றவர் எண்டு நீங்க சொன்னா நம்புவாங்க" என்றார். என் மனைவி, "போங்களன், என்னத்த யோசிக்கிறீங்க?" என்றாள். நான், "பிக்கப் புகைக்குது அக்கா, ரோட்டுல எடுக்கேலாது" என்றேன். பஸ்ஸில் வந்த மனிசியிடம் வண்டி பழுது என்று சொன்னேன். ஒரு பார்சல் மீன் கட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

இருபத்தியொரு நாள் கழித்து விட்டார்கள். நான் பார்க்கப் போகவில்லை. முதலில் பயம் என்று சொல்லிக்கொண்டேன். யுத்தம் முடிந்து, பட்டாசு கொளுத்தி, சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பயத்துக்குக் காரணம் இல்லாமல் போனது, அப்போதும் போகவில்லை. வண்டியை அக்கரைப்பற்றில் வேறொருவரிடம் கொடுத்தேன். வால்வைக் கழுவினார், நொசில் மாற்றினார், டீசல் வடிகட்டி மாற்றினார். ஒரு மாதம் நன்றாக ஓடும், பிறகு பழையபடி. "ஒரு தகடு வெட்டி அடைச்சிட்டா முடிஞ்சிது" என்று அவரும் சொன்னார். வேண்டாம் என்றேன். வேறொருவர் கையால் அந்த இடத்தை அடைக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். பாலமுனைச் சந்தியில் என் வண்டி திரும்பினால் தேத்தண்ணிக் கடைக்காரர் மூடியால் பால் சட்டியை மூடுவார். "புகைக் காக்கா வாறாரு" என்று எனக்குப் பட்டமும் வந்தது.

பிறகு புகை டெஸ்ட் எங்கள் பக்கத்துக்கும் வந்தது. அதில் பாஸாகாமல் வருட லைசன்ஸ் கிடையாது. சைலன்சருக்குள் குழாயை விட்டு, எக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தேன். டெஸ்ட் எடுத்தவர் இருமிக்கொண்டே, "ஐயோ, போதும் போதும், எடுங்க கால" என்றார். இரண்டாம் தடவையும் அப்படியே. லைசன்ஸ் முடிய நாலு நாள் இருந்தது. என் மனைவிதான் பொறுமையிழந்து, "பாஸிட்ட கொண்டு போங்களன். அந்தாள் உங்களுக்கு என்ன அநியாயம் செய்தாரு?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் பிக்கப்பை எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனேன்.

வீட்டோடு ஒரு தகரக் கொட்டில் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. வண்டியின் சத்தத்தைக் கேட்டே எழும்பி வருவார் என்று நினைத்தேன். நான் இறங்கி அவருக்கு முன்னால் போய் நிற்கும் வரை அவர் நிமிரவில்லை. "தம்பியா? வாங்க" என்றார். நேற்றுத்தான் வந்து போனவனிடம் பேசுவதைப் போலத்தான் பேசினார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. பொனட்டைத் திறந்து, தகடு இல்லாமல் கிடந்த குழாய் இணைப்பைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தார். வாஷர்களையும் ஆணிகளையும் கிளறி, ஒரு தகட்டை எடுத்தார். ஓரத்தில் பச்சைப் பெயின்ட்.

நான் அதைக் கடைசியாகக் கண்டது சாவடியில், அந்தச் சீருடைக்காரனின் கையில். பாஸிடம் அது இருக்கிறதென்றால், அவர்கள் அதை அவருக்கு முன்னால் வைத்துத்தான் கேட்டிருக்க வேண்டும், விடும்போது திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கராஜ் கதவின் பச்சையை அவருக்குத் தெரியாதா? அந்தத் துண்டில் அவர் வெட்டிய தகடு ஒன்றே ஒன்று, அது யாருடைய வண்டியில் இருந்தது என்று அவருக்குத் தெரியாதா? இத்தனை வருடமும் எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அரத்தை எடுத்து அதன் முகத்தை ராவினார், பச்சை ஓரத்தைத் தொடவில்லை. செருகி, நட்டுகளை இறுக்கி, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

எஞ்சின் ஓடியது. இறங்கி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றேன். பாஸ் திருப்புளியை எடுத்து ஊன்றி, கண்ணை மூடினார். பிடியை இடக் காதில் வைத்தார். அப்போதுதான் கவனித்தேன். நான் கண்ட அத்தனை வருடமும் வலக் காதில் வைத்த மனிதர்; அந்த இருபத்தியொரு நாளில் என்ன செய்தார்களோ. வலக் காது என் பக்கமாக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். "பாஸ், அண்டைக்கு உங்கட பேரச் சொன்னது நான்தான். மன்னிச்சிருங்க" என்றேன். சொன்னது உண்மை, வாய் திறந்து முழுதாகச் சொன்னேன். அந்தக் காது கேட்காது என்று விளங்கிய பிறகுதான் சொன்னேன் என்பதும் உண்மை.

அவர் கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார். கடைசிச் சொல்லில் என் உதடு அசைந்ததைக் கண்டிருப்பார் போல. "கதைச்சது எஞ்சினா தம்பி, நீங்களா?" என்றார்.

"எஞ்சின்தான் பாஸ்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் துணியில் துடைத்தார். பிறகு பொனட்டை மெதுவாக இறக்கிச் சாத்தினார். "புகை டெஸ்டுல பாஸாகும், பயப்படாதீங்க. செக்பொயின்ட் எல்லாம் எடுத்துட்டாங்கதானே, இனி ஒருத்தரும் இதத் திறந்து பார்க்கமாட்டாங்க" என்றார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டு வந்தார். குடித்தேன். மறுநாள் வண்டி டெஸ்டில் பாஸாகியது, அதற்குப் பிறகு வந்த எல்லா வருடமும் பாஸாகியது.

இப்போது வண்டி இல்லை, தகடு இருக்கிறது. பாஸும் இருக்கிறார். இடக் காதும் மெல்ல மெல்லக் குறைந்து வருகிறதாம், வேலையை விட்டுவிட்டாராம். இங்கிருந்து பாண்டிருப்புக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் கூட இல்லை. தேத்தண்ணி ஆறிவிட்டது. தகட்டைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், கரி பையில் பிடிக்கும் என்று மனைவி ஏசுவாள். இந்தத் தடவை இடப் பக்கமாகப் போய் உட்கார வேண்டும். உட்காருவேன் என்று எழுத வருகிறது, ஆனால் என்னை எனக்குத் தெரியும்.