உல்போசினின் வெறுந்தண்ணீர்ச் சாடிகள்

நொண்டும் இடது காலோடு தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்து பள்ளியை வென்றாள். பன்னிரண்டு வயதில்தான் காதில் விழுந்த ரஷ்ய மொழியை வென்றாள். "மீன் அறுக்கறதுக்கு எதுக்குடி படிப்பு?" என்ற அப்பாவை வென்றாள். ஐந்தாவதும் பெண்ணாகப் போயிற்றே, அடுத்தது ஆணாகட்டும் என்று அவளுக்கு வைத்த உல்போசின் என்ற பெயரைத் தொழிற்பள்ளியின் சிறந்த மாணவர் பலகையில் ஏற்றினாள். பல்காஷ் ஏரிக்கரை மீன்வள ஆய்வுக்கூடத்தில் வேலையும் வாங்கினாள். இத்தனையையும் ஒரே மோதிரத்தால் கவிழ்த்துவிட்டோமே என்று அந்த அக்டோபரில் அவள் அக்கா ரௌஷான் நடுங்கினாள்.

ரௌஷான் ஏழாவதோடு நின்றவள். அதே கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுபவள். ஒவ்வொரு சாடியையும் ஏழு முறை அலசுவாள். ஆறோடு நிறுத்தினால் சோப்பு மிஞ்சும், எட்டாவது அலசல் தண்ணீருக்குத் தண்டம் என்பாள்.

ஆற்றின் மேல்பக்கம் தாது கழுவும் ஆலை ஒன்று வரவிருந்தது. அதன் ரசாயனம் ஏரியில் எவ்வளவு வரை கலக்கலாம் என்று எல்லை குறிக்க வேண்டும். லிட்டருக்கு அரை மில்லிகிராம் இருக்கலாம், கெண்டைக்குஞ்சு சாகவில்லையே என்றார்கள் ஆலைக்காரர்கள். உல்போசினோ அந்தக் குஞ்சு தின்னும் கடுகளவு நீர்ப்பூச்சியைப் பார்த்தாள். இருபது சாடி, முப்பது நாள். பதினாறில் வெவ்வேறு அளவு ரசாயனம், நான்கில் ரசாயனமே சேர்க்காத வெறும் தண்ணீர். அந்த நான்கிலும் பூச்சி பிழைத்திருந்தால்தான் மற்றச் சாடிகளின் கணக்குச் செல்லும்.

பத்தொன்பதாம் நாள் காலை, வெறும் தண்ணீரிலும் எல்லாம் செத்துக் கிடந்தன.

"வெறும் தண்ணி கொன்னுடுச்சுன்னு எழுதியா அனுப்பறது? சிரிப்பாங்க," என்றாள் ஆய்வுக்கூடத் தலைவி எம்மா கார்லோவ்னா. "இனி ஆலைக்காரங்க சொன்ன எண்ணுதான் நிக்கும்."

"என் கைதான் எங்கேயோ பிசகியிருக்கும். என் தப்புன்னே எழுதிடுங்க," என்றாள் உல்போசின்.

மதியம் ரௌஷான், எல்லாச் சாடிகளுக்கும் அவ்வப்போது மாற்றுத் தண்ணீர் எடுக்கும் பெரிய கண்ணாடித் தொட்டியைக் கவிழ்த்தாள். டங்கென்று விழுந்தது அம்மாவின் வெள்ளி மோதிரம். போட்டவள் அவளேதான். அதுதான் கொன்றிருக்கும் என்று இப்போதுதான் உறைத்தது. பேசாமல் விரலில் மாட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். ஈரக்கையோடு எம்மா கார்லோவ்னாவின் அறைக்குப் போனாள். தங்கையும் அங்கே இருந்தாள்.

"இவ மேல தப்பில்லீங்க. நான்தான் போட்டேன். குட்டிங்க நோஞ்சானா பொறக்குதுன்னு டீ குடிக்கறப்போ இவ பொலம்பினா. நாப்பதாம் நாளு பிள்ளையக் குளிப்பாட்டற தண்ணில வெள்ளி போடுவோம்ல, அந்த மாதிரி..."

"எத்தனை நாள் கெடந்துச்சு?" என்றாள் எம்மா கார்லோவ்னா.

"ஆறு நாளு. சனிக்கெழம காலைல, ஒம்போது அடிச்சப்போ."

உல்போசின் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை என்று ரௌஷான் நினைத்தாள்; சிரிப்பு.

"அடிப்பாவி அக்கா! பூச்சிக்குமா நாப்பது குளிப்பாட்டுவ? வெள்ளி இதுங்களுக்கு வெஷம்!"

"எனக்கெப்படிடி தெரியும்? நீ சொல்லியிருக்கணும்."

"ஏழு தடவ அலசறவ மோதிரத்தத் தூக்கிப் போடுவான்னு நான் கனவா கண்டேன்?"

எம்மா கார்லோவ்னா தலைநகர் அல்மா-அத்தாவில் இருந்த மேலதிகாரிகளுக்குப் போன் போட்டாள். "பூச்சி ஏன் செத்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னொரு முப்பது நாள் குடுங்க," என்றாள். பாத்திரம் கழுவுபவளின் பெயரை அவள் சொல்லவில்லை.

அன்றுமுதல் மோதிரம் வாசல் ஆணியில் தொங்கியது. உள்ளே நுழையும் எல்லோருடைய விரலையும் ரௌஷான் பார்த்துத்தான் விட்டாள், தலைவியுடையதையும்.

இந்த முறை வெறுந்தண்ணீர்ச் சாடி நான்கிலும் தாய்ப்பூச்சிகள் குட்டிகளோடு துள்ளின. அரை மில்லிகிராம் சாடியில் தாய்கள் உயிரோடிருந்தன, ஆனால் ஒரு குட்டியும் இல்லை. அதைத் தின்ன வேண்டிய கெண்டைக்குஞ்சு அடுத்த வருடம் பட்டினிதான். நூறில் ஒரு பங்கு மில்லிகிராமில்தான் குட்டிகளின் எண்ணிக்கை வெறும் தண்ணீரோடு ஒத்துப்போனது. அதுவே எல்லை என்று எழுதினார்கள்.

அதுவரை அறிக்கைகளில் தலைவி பெயர் மட்டும்தான் இருக்கும். எம்மா கார்லோவ்னா தாளைத் திருப்பி உல்போசின் பக்கம் தள்ளினாள்.

"எண்ணினது நீ. கையெழுத்தும் நீ போடு."

"என் பேரையா?"

"பின்ன, பூச்சி பேரையா?"

உல்போசின் தன் பெயரை முழுதாக எழுதினாள். கதவோரம் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற ரௌஷான், "தேதிய விட்டுடாதடி," என்றாள்.

1974 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை.