பச்சை டாக் போட்ட மீன்

ஆறாவது மீன் படகுக்குள் வந்து விழுந்தபோது மணி ஒன்று நாற்பது. ஞானேந்திரன் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான்.

"நிறும், இமெல்டா! கெதியா நிறும்!"

அவள் ஏற்கெனவே கைத்தராசை எடுத்துவிட்டாள். மீனின் கீழ்த்தாடையைக் கொளுவியில் மாட்டி, படகின் ஆட்டம் அடங்கும்வரை கையை அசைக்காமல் பிடித்தாள். சின்னத் திரையில் எண்கள் மேலும் கீழும் ஓடி ஒரு இடத்தில் நின்றன. ஆயிரத்து நானூற்று ஐம்பது கிராம்.

2007 ஆகஸ்ட், சென் லூயி ஏரி. லஷீனில் இருந்து காலையில் முப்பத்தெட்டுப் படகுகள் புறப்பட்டிருந்தன, படகுக்கு இரண்டு பேர். பிரெஞ்சுக்காரர் அஷிகான் என்று சொல்லும் பாஸ் மீனைப் பிடித்து, மூன்று மணிக்கு முன் ஐந்து மீன்களை உயிரோடு கரைக்குக் கொண்டுவர வேண்டும். மொத்த எடை கூடியவர்களுக்குப் பரிசு. ஐந்துக்கு மேல் ஒன்று அகப்பட்டால், இருப்பதில் ஒன்றை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்று தெரிவதற்காக ஒவ்வொரு மீனின் தாடையிலும் ஒரு நிறத்தில் டாக், அதாவது அடையாளக் கிளிப், மாட்டியிருப்பார்கள். எந்த நிறம் எத்தனை கிராம் என்பதை இமெல்டா அழியாத மையால் தன் முன்கையில் எழுதிவைத்திருந்தாள். கடைசி வரி: பச்சை, 1180.

மீன் நாற்றம் தனக்கு ஒத்துவராது என்று பதினைந்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ஷபனேல் வீதித் தையல் ஆலை ஒன்றில் வேலை செய்தாள். 2005இல் அதை மூடியபின் அஹுன்ட்சிக்கில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போனாள். அதே வருடம் கணவனின் படகுக் கூட்டாளி டொராண்டோவுக்கு இடம்மாறிவிட்டான். இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். "சும்மா வந்து இரும், காணும்" என்று ஞானேந்திரன் கெஞ்சிக் கூட்டிப்போனான். சும்மா இருக்க அவளால் முடியவில்லை. அவனுடைய கை நடுங்குவதைக் கண்டு தராசை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு தராசு அவளுடையதாகிவிட்டது.

"பச்சையை விடும்," என்றான் ஞானேந்திரன். "இருநூற்று எழுபது கிராம் கூடும். மூண்டாம் இடத்துக்குள்ள வந்திடுவம்."

மூன்றாம் பரிசு ஒரு மின்மோட்டார். அவர்களுடைய பழைய மின்மோட்டார் இரண்டு வருடமாக அடிக்கடி நின்றுகொண்டிருந்தது.

இமெல்டா படகுக்குள் மீன்களை விட்டிருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தாள். நான்கு மீன்கள் அடியில் நிமிர்ந்து நின்றன. பச்சை டாக் போட்டது மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து மேலே மிதந்தது. காலையில் தூண்டிலை ஆழமாக விழுங்கிய மீன் அது. கழற்றும்போது இரத்தம் வந்தது. இப்போது செவுள் எப்போதாவது ஒருமுறைதான் விரிந்தது.

"இது நீந்தாதப்பா. விட்டால் தண்ணிக்கு அடியில தாண்டுபோம்."

"உயிர் இருக்குத்தானே? விடலாம்."

"விடுற மீன் தானாய் நீந்திப் போகவேணும் எண்டுதான் சட்டம். அப்பிடித்தான் விட்டனாங்கள் எண்டு பின்னேரம் ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும்."

"ஆர் பாக்கிறது இஞ்ச?"

சுற்றிலும் யாரும் இல்லை. அருகிலிருந்த படகே அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றது. மேற்கே வானம் கறுத்து, காற்று மாறியிருந்தது.

ஆலையில் இருந்த காலத்தில் ஒருநாள் மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டினார். பக்கத்து மெஷினில் இருந்த சிவமலர் அந்த மாதத்தில் நாலு நாள் பிந்தி வந்ததாக அதில் இருந்தது. அவள் பிந்தவில்லை என்பது இமெல்டாவுக்குத் தெரியும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். போனது சிவமலரின் வேலை. இரண்டு வருடம் கழித்துப் பார்க் எக்ஸ்டென்ஷன் மரக்கறிக் கடையில் நேருக்கு நேர் கண்டபோது, சிவமலர் கூடையை வைத்துவிட்டு வெளியே போனாள்.

இதை இமெல்டா கணவனிடம்கூடச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு நீல டாக் போட்ட மீனைப் பிடித்தாள். அதன் எடை 1290. கிளிப்பைக் கழற்றி, படகின் விளிம்புக்கு வெளியே தாழ்த்திக் கையை விரித்தாள். வாலை ஒருதரம் அடித்துவிட்டு அது மறைந்தது.

"உமக்கு விசரே!" ஞானேந்திரனின் குரல் உடைந்தது. "நூற்றுப் பத்துக் கிராமைத் தண்ணியில கொட்டிப்போட்டீர். இந்தப் பச்சை கரையில செத்திருந்தால் இன்னும் இருநூற்றைம்பதைக் கழிப்பாங்கள்!"

"சாக விடமாட்டன்."

புது மீனுக்கு நீல டாக்கை மாட்டித் தொட்டிக்குள் விட்டு, முன்கையில் நீலத்துக்கு நேரே 1450 என்று திருத்தினாள். பிறகு தொட்டியருகே முழங்காலில் இருந்து, பச்சை மீனை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்து, செவுளுக்குள் தண்ணீர் போகும்படி முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தத் தொடங்கினாள்.

இரண்டு மணிக்குக் காற்று ஏரியைப் புரட்ட ஆரம்பித்தது. கரைக்கு இன்னும் பதினான்கு கிலோமீட்டர் இருந்தது. ஒரு நிமிடம் பிந்தினாலும் அரைக் கிலோவைக் கழிப்பார்கள். ஞானேந்திரன் எஞ்சினை முறுக்கினான். படகு அலையில் ஏறி விழும்போதெல்லாம் தொட்டி குலுங்கியது. இமெல்டாவின் நெற்றி மூடியில் இடித்தது. மீன் கைக்குள் தளர்ந்தது. செவுள் விரியுமா என்று பார்த்தாள். விரியவில்லை. பத்துவரை எண்ணினாள். விரிந்தது.

"அடிக்குதப்பா! கொஞ்சம் மெதுவா!"

"மெதுவாப் போனால் நேரம் போயிடும்!"

"உப்பிடிப் போனால் மீன் போயிடும்!"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். முகம் முழுக்கத் தண்ணீர். நெற்றியில் இரத்தம் கசிந்திருந்தது. கை மட்டும் தொட்டிக்குள் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது. அவன் வேகத்தைக் குறைத்து, அலையைக் குறுக்கே வெட்டாமல் சாய்த்து ஓட்டினான். அதற்குப் பிறகு இருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவே பயந்தார்கள்.

இறங்குதுறைக்குள் நுழைந்தபோது மூன்றாக இரண்டு நிமிடம் இருந்தது.

நிறுவை மேசையில் மிஷெல் என்ற வெள்ளைத் தாடிக்காரர் நின்றார். நான்கு மீன்களைக் கடந்து பச்சைக்கு வந்ததும் அதைத் தண்ணீர்த் தட்டில் வைத்து விரலால் தொட்டார். அசைவில்லை. மறுபடி தொட்டார். செவுள் மெல்லத் திறந்து மூடியது.

"விவான்," என்றார் மிஷெல். உயிரோடிருக்கிறது.

மொத்தம் 7190 கிராம். மூன்றாம் பரிசு பெற்ற படகு 7260. எழுபது கிராமில் அவர்கள் நான்காம் இடத்துக்குப் போனார்கள். மோட்டாரை வேறு இரண்டு பேர் தூக்கிப்போவதை ஞானேந்திரன் பார்த்துக்கொண்டு நின்றான். தாளில் இமெல்டா முதலில் கையெழுத்து வைத்தாள், பிறகு அவன் வைத்தான். மிஷெல் அவளுடைய முன்கையை எட்டிப் பார்த்தார். தன் தாளில் இருந்த ஐந்து எடைகளோடு ஒப்பிட்டார். எதிலும் மூன்று கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஆடும் படகில் இதை எப்படிச் செய்தாய் என்று பிரெஞ்சில் கேட்டார். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அவள், காத்திருந்தேன் என்றாள்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபின் ஞானேந்திரன் சொன்னான்.

"நான் எண்டால் அதை விட்டிருப்பன்."

"தெரியும்."

"பேந்து அதை யோசிச்சுக்கொண்டே இருந்திருப்பன்." அவளுடைய நெற்றியைப் பார்த்தான். "வாரும், மருந்து போடுவம்."

அடுத்த வசந்தத்தில் மிஷெலிடமிருந்து அழைப்பு வந்தது. தனக்கு முதுகு நோவு, நிற்க ஏலாது, தனக்குப் பதிலாக நிறுவை மேசைக்கு வருவாயா என்று கேட்டார். இமெல்டா ஓம் என்றாள். புதுக் கூட்டாளி தேடவேண்டி வந்ததில் ஞானேந்திரன் ஒரு கிழமை முறுமுறுத்தான். கடைசியில் தன்னோடு வேலைசெய்யும் ஆரூரனைப் பிடித்தான்.

ஜூன் மாதத்து முதல் போட்டியில் ஞானேந்திரனும் மீன்பையோடு நிறுவை மேசை வரிசையில் நின்றான். முறை வந்ததும் அவளைப் பார்த்துச் சிரித்தான். மற்றவர்களிடம் வாங்கியதைப் போலவே அவள் சிரிக்காமல் பையை வாங்கினாள்.

"எத்தனை மீன்?"