யார் கூப்பிட்டாலும் போகிற பிள்ளை

மன்னவனூரில் மணிமேகலையைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் சிரிக்காமல் அந்தப் பேச்சு முடியாது. பாலில் தண்ணீர் ஊற்றினால் பால்காரரைத் திட்டுவாள். ஊற்றாமல் கொடுத்தால், "இன்னைக்கு என்ன இவ்வளவு கெட்டியா இருக்கு, என்னத்தக் கலந்தாரு?" என்று முகர்ந்து பார்ப்பாள். பூண்டு மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவள் மட்டும் வண்டி வளைவில் மறையும்வரை ரோட்டில் நிற்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவள் கணவன் ஞானவேலே சொல்லிச் சலித்துவிட்டான்.

இந்தக் குணம் கூடப் பிறந்ததில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் வயிறு திறக்காத பெண்ணிடம் ஊர் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லவா வேண்டும்? வளைகாப்புக்கு அவளைக் கடைசியில்தான் அழைப்பார்கள். போனால், "நீ அந்தப் பக்கம் பந்தியைப் பாரு மணி" என்று வாய்நிறையச் சிரித்துக்கொண்டே ஒதுக்குவார்கள். சிரித்துச் சிரித்து ஒதுக்கியவர்களைப் பார்த்து, கடைசியில் சிரித்த முகம் எதைக் கண்டாலும் அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. அதில் அவள் குற்றம் பாதிகூட இல்லை.

தத்தெடுக்க முறைப்படி பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒருவழியாக இந்த ஆடியில் குழந்தைகள் இல்லத்தில் சுசித்ராவைக் கையில் கொடுத்தார்கள். இரண்டரை வயது. பெரிய கண், சுருட்டை முடி. இல்லத்து மேடம் நல்லவிதமாகத்தான் சொன்னார்: "கலெக்டர் உத்தரவு வர்ற வரைக்கும் வளக்கக் குடுத்திருக்கோம், அவ்வளவுதான். நடுவுல வந்து பாத்துக்குவோம்." மணிமேகலைக்கு அந்த 'அவ்வளவுதான்' முள்ளாகத் தைத்தது. அதற்குப் பிறகு தெருவில் புதிதாக யார் வந்தாலும், பிள்ளையைத் திருப்பிக் கேட்க வந்தவர்களோ என்று அதை உள்ளே தூக்கிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

பயத்துக்குப் பிள்ளையும் ஒத்தாசை செய்தது. சுசித்ரா யார் கை நீட்டினாலும் போவாள். அங்கன்வாடி டீச்சரையும் அம்மா என்பாள், ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிற பெண்ணையும் அம்மா என்பாள். இல்லத்தில் தூக்கினவர்கள் எல்லாரும் அவளுக்கு அம்மாதான். அழவும் மாட்டாள். விழுந்து முட்டி சிராய்த்தாலும் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடப்பாள். "என்னா தங்கமான புள்ள!" என்று ஊரே மெச்சியது. மணிமேகலை பூண்டுக் காட்டுக்கு வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். பிள்ளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஊர் மேலிருந்த சந்தேகமெல்லாம் மெல்ல நகர்ந்து அந்தப் பிஞ்சின் மேலேயே போய் உட்கார்ந்தது. நான் இதுக்கு அம்மாவா, இல்லை, சோறு போடுகிற இன்னொரு ஆளா? இதை அவள் புருஷனிடம்கூடக் கேட்கவில்லை.

ஐப்பசிக் குளிரில் பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் கண்டது. கொடைக்கானல் டாக்டர் மருந்து கொடுத்தார். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் ஞானவேலின் அக்கா கந்தம்மாள் போனில் வேறு வைத்தியம் சொன்னாள்: "முருகனுக்குக் குடுத்துட்டுத் தவிட்டுக்கு வாங்கிருவோம்லே."

நோஞ்சான் பிள்ளையைப் பெற்றவர்கள் சாமிக்கென்று விட்டுவிடுவார்கள். உறவில் ஒருவர் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து சாமியிடம் வாங்கி, "இது எங்க புள்ள, நீ வளத்துக் குடு" என்று பெற்றவள் கையில் திருப்பிக் கொடுப்பார். பிடித்த பீடை பழைய தாயோடு நின்றுபோகும் என்று நம்பிக்கை. இதை வைத்தே, "ஒன்னயத் தவிட்டுக்கு வாங்குனோம்" என்று சீண்டி அழவைக்காத வீடு அந்தச் சீமையில் கிடையாது. மணிமேகலை வீட்டு வாசலில் மட்டும் அந்த வார்த்தையை யாரும் எடுப்பதில்லை.

வாங்க வேண்டியது தாய்மாமன். ஆடலூரில் காப்பியும் மிளகும் போட்டிருக்கும் அவள் தம்பி சேனாதிபதி, "எங்கயோ பொறந்ததுக்கு நான் மாமனாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான். உடனே கந்தம்மாள், "அவன் கெடக்கான், அத்தை நான் வாங்குறேன்" என்றாள். கந்தம்மாளுக்கு இரண்டும் பையன்கள். பெண் பிள்ளை இல்லையே என்று அவள் ஏங்கியது உறவு முழுக்கத் தெரியும். பேசி முடித்தவள் போனை அணைக்க மறந்து வீட்டில் யாரிடமோ சொன்னது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. "பொம்பளப் புள்ள நம்ம வீட்டுக்கு வருது. கவுனெல்லாம் எடுத்து வச்சுட்டேன்."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை மணிமேகலைக்கு ஞாபகம் வந்தது. சர்க்கார் கணக்கில் பிள்ளை இன்னும் தன்னுடையது இல்லை. சாமி கணக்கிலும் கந்தம்மாள் பிள்ளை ஆகிவிட்டால் தன் கையில் மிச்சம் என்ன இருக்கும்?

"அது ஒரு சாங்கியம்மா. எங்க அக்கா என்ன புள்ள புடிக்கிறவளா?" என்றான் ஞானவேல்.

"புடிக்கிறவங்க சொல்லிட்டா வருவாங்க?" என்றாள். ஆனாலும் இரவெல்லாம் கொதித்த நெற்றியைத் தொட்டுப் பார்த்தவளுக்கு வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. காய்ச்சல் விட்ட மறுவாரம் கிளம்பினார்கள்.

வெள்ளனே பஸ் ஏறி, கொடைக்கானலில் பழனி பஸ்ஸுக்கு மாறினார்கள். மாற்றுத் துணி, வெந்நீர், எலுமிச்சம்பழம், வாந்திக்குப் பை என்று பிள்ளையோடு போகிறவர்களுக்கு உரிய சகல மூட்டையும் அவளிடம் இருந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் இருந்தது பிள்ளை.

செண்பகனூரில் ஏறிய ஒரு நடுத்தர வயதுப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், மணிமேகலையைப் பார்த்தாள், மறுபடியும் பிள்ளையைப் பார்த்தாள்.

"அப்பா ஜாடையாம்மா?"

"ஆமாங்க" என்றாள் மணிமேகலை வெடுக்கென்று. இல்லத்திலிருந்து வேவு பார்க்க அனுப்பிய ஆளோ? இல்லை, பெற்றவளே தேடிக் கண்டுபிடித்துவிட்டாளோ? அந்தச் சுருட்டை முடி இவளுக்கும் இருக்கிறதா என்று முக்காட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். நரைத்த கோரை முடி. அப்படியும் நிம்மதி வரவில்லை. அதற்குள் சுசித்ரா அந்தப் பெண்ணின் மடிக்கு நழுவி ஏறி, வளையலை உருட்டிக்கொண்டு, "அம்மா" என்றாள்.

பெருமாள்மலையில் அந்தப் பெண் இறங்க எழுந்தபோது பிள்ளையும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு படிவரைக்கும் நடந்தது. மணிமேகலை பாய்ந்து போய் இழுத்தாள்.

"நல்ல புள்ளம்மா. யாருகிட்டயும் வருது" என்று அந்தப் பெண் மனதாரச் சொல்லிவிட்டு இறங்கிப்போனாள். அதற்குப் பிறகு மலைப்பாதை முழுக்க, ஒவ்வொரு வளைவிலும் பிள்ளை வாந்தி எடுக்க எடுக்க, துடைத்துவிட்டபடி மணிமேகலை அதை மடியிலேயே இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அடிவாரத்தில் வெயில் காய்ந்தது. கந்தம்மாள் கடையை விட்டு ஓடிவந்து, "வாடி எந்தாயி" என்று பிள்ளையை வாரிக்கொண்டாள். பிள்ளையும் போயிற்று. அவள் பிசைந்து ஊட்டிய சோற்றைத் தின்றது. அவளையும் "அம்மா" என்றது. கந்தம்மாள் முகம் மலர்ந்ததை மணிமேகலை ஓரக்கண்ணால் பார்த்தாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய் அலமாரியை நோட்டம் விட்டாள். மடிப்புக் கலையாத கவுன்கள் இருந்தன. பக்கத்தில் புது எவர்சில்வர் தட்டு. அதில் சுசித்ரா என்று பெயர் வெட்டியிருந்தது. விருந்துக்கு வருகிற பிள்ளைக்கு யாராவது பெயர் வெட்டித் தட்டு வாங்குவார்களா?

"ஏங்க, ஊருக்குப் போயிருவோம்" என்று புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. செத்தப் பேசாம இரு."

தெருமுனையில் ஒரு சின்ன முருகன் கோயில். சன்னதி முன்னால் துணியை விரித்துப் பிள்ளையை உட்காரவைத்தார்கள். "முருகா, இது ஒன் புள்ள" என்று ஞானவேல் சொன்னான். மணிமேகலைக்கு உதடுதான் அசைந்தது. பூசாரி, "தாய் தகப்பன் வெளிய போயி நில்லுங்க. கூப்பிடுற வரைக்கும் திரும்பிப் பாக்கப்படாது" என்றார்.

வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள். இப்போது பிள்ளை கந்தம்மாளிடம் தாவும். அம்மா என்று கூப்பிடும். அந்த ஒரு வார்த்தைக்காக உடம்பே காதாகி நின்றாள். கந்தம்மாள் தவிட்டைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. "முருகா, தவிடு குடுத்தேன், புள்ளயக் குடு" என்றாள். அப்புறம், "வா தாயி, அத்தைகிட்ட வா."

சத்தமே இல்லை.

பிறகு ஒரு அலறல் எழுந்தது. யாருடைய பிள்ளையோ எங்கேயோ அழுகிறது என்றுதான் மணிமேகலை முதலில் நினைத்தாள். சுசித்ராவின் அழுகையை அவள் கேட்டதே இல்லையே, எப்படித் தெரியும்? யார் இடுப்பிலும் ஏறுகிற பிள்ளைதான். ஆனால் அதுவரை இவள் எங்கே விட்டுப்போனாலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனாள். தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தது இதுதான் முதல் தடவை. இப்படி விட்டுப்போகிற முதுகுகளை அந்தப் பிள்ளை முன்பே எத்தனை பார்த்ததோ.

பூசாரி சொன்னதெல்லாம் மறந்து திரும்பினாள். தவிட்டுக் குவியலை உதைத்துக்கொண்டு, கந்தம்மாளின் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, முகமெல்லாம் மூக்குச்சளியும் தவிடுமாகப் பிள்ளை ஓடிவந்தது. சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கால்களுக்குள் முகத்தைப் புதைத்தது. கோயிலே அதிர அழுதது.

"வாங்குனவுக கையில புள்ள சேரலைன்னா சாங்கியம் முடியாதுங்க. மறுபடி உக்கார வைங்க" என்றார் பூசாரி.

தலைமுடியெல்லாம் தவிடாகக் கந்தம்மாள் எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. "வேணாஞ் சாமி. முருகனையே வேணாமுன்னுட்டு ஓடுது, நான் எம்மாத்திரம்? தட்டையும் கவுனையும் அத்தை சீரா எடுத்துட்டுப் போங்க. அது யாரத் தேடுதோ அவளே வளக்கட்டும்."

தன் நெஞ்சில் இத்தனை நாளாக ஊறிய விஷத்தை நினைத்து மணிமேகலைக்குக் கூசியது. நாத்தனாரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். அது கழுத்தை மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு இன்னும் உரக்க அழுதது.

"ஏத்தா, தட்டிக் குடுத்து அமத்து. புள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வந்துறப் போவுது" என்று கந்தம்மாள் பதறினாள்.

மணிமேகலையின் கன்னத்திலும் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தட்டிக் கொடுக்கவில்லை.

"அழட்டும் மதினி" என்றாள். "கொஞ்ச நேரம் எங்கிட்ட அழட்டும்."